கழலாத கிளச்சு

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபொழுது நாம் முதலில் மறுத்தோம். பிரார்த்தனை மண்டபத்து மணியோசை, நவராத்திரிப் பூசையின் அவல் கடலை, துடுப்பாட்டப் போட்டியின் ஆரவாரம், பிரம்பும் பரிவும் ஒருங்கே கொண்ட ஆசிரியர்கள் ஆகியவற்றையெல்லாம் எம்மினும் வல்லார் பலர் இம்மலரில் எழுதுவர். பின்னர் ஒருவாறு இசைந்து நாம் எழுதப் புகுந்த இக்கட்டுரையோ கல்லூரியைப் பற்றியதன்று. ஓர் இரும்புத் துண்டைப் பற்றியது. தமிழ் கற்பிப்பானுக்கு இரும்போடு என்ன உறவு என வினவும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள்க.

எமது தந்தையாரும் இக்கல்லூரியின் பழைய மாணவரே. கூட்டுறவுச் சங்கமொன்றில் முகாமையாளராய் இருந்தவர். 1971 ஆம் ஆண்டில், மலைநாட்டுத் தோட்டமொன்றில் வேலை பார்த்து ஊர் திரும்பிய ஒருவரிடமிருந்து அவர் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கினார். இங்கிலாந்தின் மெரிடன் என்னும் ஊரிலிருந்த ட்ரயம்ப் தொழிற்சாலையிற் செய்யப்பட்டது அது. 1957 இல் அறிமுகமான அவ்வகைக்கு ‘ட்வென்றி வன்’, அஃதாவது ‘இருபத்தொன்று’, என்பது பெயர். அதன் இரட்டைச் சிலிண்டர் எஞ்சினின் கொள்ளளவு 348 கன சென்றிமீற்றர். கன அங்குலத்தாற் கூறின் 21. ட்ரயம்ப் எஞ்சினியரிங் கம்பனி 1936 இல் அமைக்கப்பெற்று 21 ஆண்டுகள் நிறைவெய்தியதும் அப்பொழுதே. இரண்டையும் கருதி இட்ட பெயர் அது. ஆகவே யூபிலி மலரொன்றில் இடம்பெறும் தகுதி எமக்கு இல்லையெனினும் அந்த மோட்டார் சைக்கிளுக்கு உண்டு.

எமது இளமையில் அது வீட்டின் ஓர் அங்கத்தவர் போலவே இருந்தது. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையினால் குடாநாட்டிற் பெற்றோல் அருமருந்தாயிற்று. சில துளி பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெயில் ஓட்டும் வித்தையை ஊரார் யாவரும் கற்றனர். எமது தந்தையாரும் கற்றார். ஆயினும் அவர் அதனை ஓட்டியது குறைவு, துடைத்தது மிகுதி. பின்னர் 1995 இன் இடப்பெயர்வு வந்தது. 1996 இல் ஊர் திரும்பியபொழுது உழவு இயந்திரப் பெட்டியொன்றில் ஏற்றியே அதனை வீட்டுக்குக் கொணர்ந்தார். வீட்டுப் பின்பத்தியில் நிறுத்திச் சாக்கினால் மூடினார். அதன்பின் தம் இறுதிவரை சைக்கிளிலேயே சென்றுவந்தார். காரணம் கேட்டால், “கிடக்கட்டும்” என்பதே விடை. 2019 இல் அவர் மறைந்தார்.

2024 ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் அந்தச் சாக்கை நாம் நீக்கினோம். எஞ்சினை முற்றாகக் கழற்றிப் புதுக்குவதென்று துணிந்தோம். கல்லூரியில் எமக்கு மூன்று வகுப்பு மூத்தவரும் இன்று கராச் ஒன்றை நடத்துபவருமாகிய அன்பரொருவர் மாலை வேளைகளில் வந்து துணைபுரிய ஒப்பினார்.

எஞ்சினின் அடிப்பெட்டி இரு பாதிகளாலானது. அவற்றைப் பிரிப்பதாயின் இடப்பக்கத்து மூடியைத் திறந்து, உள்ளேயுள்ள சங்கிலியையும் கிளச்சையும் முதலில் வெளியேற்றல் வேண்டும். கிளச்சு என்பது எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையே நின்று, வேண்டும்பொழுது சேர்த்தும் வேண்டாதபொழுது பிரித்தும் வைப்பது. உராய்வுத் தட்டும் இரும்புத் தட்டுமாக ஒன்றுவிட்டொன்று அடுக்கி, சுருள்வில்களால் அவற்றை நெருக்கி வைத்திருப்பர். பிடியை இழுத்தால் நெருக்கம் தளரும், விட்டால் இறுகும்.

மூடியைத் திறந்ததும் கருங்களி போன்ற எண்ணெய் வழிந்தது. சுருள்வில்களைப் பிடித்திருக்கும் நட்டுகளே முதற் சோதனை தந்தன. அந்நட்டின் அடியில் ஒரு சிறு புடைப்புண்டு. தானாகக் கழலாதபடி அது வில்லின் முனையைத் தடுத்து நிற்கும். நட்டின் நடுவே ஆணி நீட்டிக்கொண்டிருப்பதால் சாதாரணத் திருப்புளியும் அங்கே பொருந்தாது. தந்தையாரின் கருவித் தகரத்தைக் கிளறியபொழுது, முனையின் நடுவே பள்ளம் ராவிய பழைய திருப்புளியொன்று அகப்பட்டது. முனை முறிந்த பயனற்ற பொருளென்று சிறுவயதில் நாம் எறிய எடுத்ததும், அவர் பறித்து மீண்டும் தகரத்துள் இட்டதும் நினைவுக்கு வந்தன. அது அந்த நட்டுகளுக்காகவே அவர் செய்துகொண்ட கருவி. மெல்லிய தகட்டினால் வில்லின் முனையை ஒதுக்கிப் பிடித்து அதனால் திருக, நட்டுகள் ஒவ்வொன்றாய் இணங்கின.

துருவேறித் தம்முள் ஒட்டிக்கொண்ட தட்டுகளை மெல்லத் தட்டித் தட்டிப் பிரித்தெடுத்தோம். பழைய உராய்வுத் தட்டு ஒன்றையும் இரும்புத் தட்டு ஒன்றையும் சேர்த்துப் பூட்டி, ஒரு நீண்ட பிடியும் வைத்து, கிளச்சு சுழலாதவாறு அதனால் தடுத்துக்கொண்டு நடு நட்டையும் கழற்றினோம். எஞ்சியது நடுக்குடம் ஒன்றே. வண்டிச் சில்லின் குடத்தைப் போல அதுவே கிளச்சினைத் தண்டோடு இணைப்பது.

அந்தக் குடம் அசையவில்லை.

அது தண்டோடு பொருந்தியிருக்கும் முறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். கியர்ப்பெட்டியிலிருந்து வரும் தண்டின் முனை சற்றே ஒடுங்கிய கூம்பு வடிவானது. குடத்தின் உட்புறமும் அதே அளவில் ஒடுங்கியது. நட்டை இறுக்க, குடம் கூம்பின்மீது ஏறி இறுகிவிடும். ஒன்றுக்குள் ஒன்று இறுகிய பித்தளைக் குவளைகளைக் கண்டோர்க்கு இது எளிதில் விளங்கும். இவ்விரண்டுக்கும் இடையே, தண்டில் வெட்டிய பள்ளமொன்றில், அரைப்பிறை வடிவான சிறு இரும்புத் துண்டு ஒன்று அமர்ந்திருக்கும். மெக்கானிக்குகள் அதனைக் ‘கீ’ என்பர். நாம் பிறையாப்பு என்று பெயரிட்டுக்கொண்டோம். பாரத்தைத் தாங்குவது கூம்பின் இறுக்கமே. பிறையாப்பு குடத்தை இடம் பெயராமல் நிறுத்துவது மாத்திரமே. இலக்கண வகுப்பிலே சொல்வதாயின், கூம்பின் பொருத்தம் இயல்பு புணர்ச்சி. பிறையாப்பு இடையே வந்து நிற்கும் உடம்படுமெய்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்னும் பழமொழியில் நாம் நம்பிக்கை வைத்தோம். அன்பர் வராத ஒரு மாலையில் உளியும் சுத்தியலும் எடுத்தோம். பக்கத்துக்கு ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு அடி. குடம் அசையாமல் நிற்க, சங்கிலி வட்டின் பல்லொன்று நுனி சிதைந்தது. இரு காலுள்ள புல்லரை வட்டின் பின்னே கொளுவி இழுத்தோம். வட்டு வளையத் தொடங்கியது. அம்மி நகரலாம், கூம்பு நகராது என்னும் பாடத்தை அன்று கற்றோம்.

மறுநாள் வந்த அன்பர் சிதைந்த பல்லைப் பார்த்தார், எம்மைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. குடத்தின் உள்வாயிலே மரை வெட்டியிருப்பதைச் சுட்டிக்காட்டினார். அந்த மரைக்கு இசைவான இழுப்பான் ஒன்றை லேத்துப் பட்டறையில் கடைந்து வருவித்தார். அதனைக் குடத்தின் மரையில் அடிவரை பூட்டி, நடுவேயுள்ள போல்டை முறுக்கினால் அது தண்டின் முனையை உந்தும்; உந்த, குடம் வெளியே வரவேண்டும். அடிவரை பூட்டாது முறுக்கினால் மரை உரிந்துபோகும். ஆகவே மரையைப் பெற்றோலால் கழுவித் துலக்கிய பின்பே அவர் இழுப்பானைத் தொட்டார்.

போல்டை முறுக்கினார், அதன் தலையிலே சுத்தியலால் ஒரு சுருக்கமான தட்டுத் தட்டினார், மீண்டும் சிறிது முறுக்கினார். இரண்டு நாள் மாலை இவ்வாறு கழிந்தது. குடம் அசையவில்லை.

எமது பொறுமை கடந்தது. “அண்ணை, இதை கிரைண்டராலை வெட்டி எடுப்பம். புதுக்குடம் இங்கிலாந்திலையிருந்து எடுக்கலாம்தானே?” என்றோம். அது மெய்யே. இவ்வகை எஞ்சின்களுக்கு வேண்டிய உதிரிப்பாகங்கள் இன்றும் புதிதாய்ச் செய்யப்பட்டு விற்பனையாகின்றன.

அவர் சற்று நேரம் சிந்தித்து, “வெட்டலாம் மாஸ்டர். வெட்டினால் உள்ளுக்கை என்ன பிடிச்சது எண்டு தெரியாமல் போயிடும். இண்டைக்கு ஒரு இரவு இழுவையிலை விட்டுப் பாப்பம். விடியவும் வராட்டில் வெட்டுவம்” என்றார்.

இவற்றையெல்லாம் குசினி வாயிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த எமது தாயார், “குவளை இறுகினால் வெளியாலை சுடுதண்ணி விடுறனாங்கள். அதுக்கும் விட்டுப் பாருங்கோவன்” என்றார். அன்பர் நகைக்கவில்லை. குடத்தினுள்ளே அதிர்ச்சி தாங்கும் இறப்பர்த் துண்டுகள் இருப்பதால் நெருப்புச் சுவாலை காட்டுதல் தகாது. சுடுநீரால் அத்தகைய கேடில்லை என்றார். கொதிநீரில் தோய்த்த துணியைக் குடத்தின்மீது சுற்றிச் சுற்றி மாற்றினோம். வெளிக்குடம் சூடேறிச் சிறிது விரியும். உள்ளே தண்டு அவ்வளவு விரியாது. இறுதியாக ஒருமுறை போல்டை முறுக்கி, அவ்வாறே விட்டு, விளக்கை அணைத்தோம்.

விடியற்காலையில், கோவில் மணி கேட்பதற்குச் சற்று முன்னர், பத்தியிலிருந்து ‘டக்’ என்றொரு சத்தம் எழுந்தது. விளக்குடன் ஓடினோம். யாரும் தொடாமலே குடம் கூம்பை விட்டு விலகியிருந்தது. கீழே விரித்த தாளிலே குண்டு உருளைகள் சிதறிக்கிடந்தன. வட்டு சுழல்வதற்காக அங்கே 20 உருளைகள் இருக்கும். எண்ணினோம், 19. இருபதாவது மசகோடு ஒட்டி வட்டினுள்ளேயே இருந்தது.

அன்பர் வந்ததும் குடத்தை முற்றாக வாங்கித் தண்டை நோக்கினோம். கூம்பின் மேற்பரப்பு கீறுண்டு, ஓரிடத்தில் இரும்பு உருகியதுபோல் இழுபட்டிருந்தது. பிறையாப்பு பாதி வெட்டுண்டு, மேற்பாதி ஒருபுறம் சாய்ந்திருந்தது. அது பிதுங்கி இடையே நிரம்பியதனாலேயே குடம் அத்துணை இறுகிற்று. நுண்ணிய குறட்டினால் அதனை வெளியே எடுத்தோம். செய்தொழிற்சாலையின் வழுவழுப்பு அதில் இல்லை. பக்கமெங்கும் அரத்தின் வரிகள். ஒரு மூலையில் மரையின் அடையாளம் சிறிதளவு எஞ்சியிருந்தது. ஏதோ ஒரு மெல்லிரும்பு ஆணியை ராவிச் செய்த போலி அது.

நாம் சினந்தோம். “எந்த மூடன் செய்த வேலை இது? இதாலைதானே இவ்வளவு பாடு!” என்று உரக்கக் கூறினோம்.

அன்பர் அதனை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்திற் புரட்டினார். “மூடன் இல்லை மாஸ்டர். அளவைப் பாருங்கோ. இரண்டு பக்கமும் மயிரிழை பிசகாமல் ராவியிருக்கு. நல்ல கை. இரும்புதான் காணாது. இது சைக்கிள் பெடல் தண்டிலை அடிக்கிற கொட்டர்ப்பின்.”

தாயார் எழுந்து வந்தார். அதனை வாங்கி விரல்களால் தடவினார்.

“இது என்ரை சைக்கிளின்ரை பின்” என்றார். “உங்கடை ஐயா ராவினது.”

பின்னர் அவர் கூறியதன் சாரம் இது. 1994 இல் உண்மையான பிறையாப்பு உடைந்தது. தடைக்காலம், கொழும்பிலிருந்து அத்தகைய பொருள் வர வழியில்லை. தாயாரின் சைக்கிளிலிருந்து கொட்டர்ப்பின்னைக் கழற்றி, நாலைந்து இரவுகள் ஜாம் போத்தல் விளக்கின் முன்னிருந்து ராவினார் தந்தையார்.

அந்த இரவுகள் எமக்கும் நினைவிருந்தன. அதே விளக்கின் மறுபக்கத்தில் இருந்து பாடம் படித்தவர் நாம். அரத்தின் கிறீச்சொலி செவியை அறுக்கிறது, படிக்க இயலவில்லை என்று முறையிட்டோம். அவர் துண்டை ஒரு துணியிற் சுற்றிப் பிடித்து, ஒலி குறையும்படி மெல்ல ராவத் தொடங்கினார். அதனால் வேலை இருமடங்கு நேரம் எடுத்தது. என்ன செய்கிறார் என்று நாம் கேட்கவில்லை.

இனி, இதுவரை எவரிடத்தும் கூறாத ஒன்றை இங்கே கூறுகின்றோம்.

1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. எமது குடும்பமும் நடந்தது. மோட்டார் சைக்கிளின் இருக்கையில் அப்பாச்சி. தாங்கியின்மேல் ஒரு மூட்டை. எஞ்சினை இயக்காமல் தந்தையார் அதனைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னாலிருந்து நாமும் தள்ளினோம். வயது 14. செம்மணி வெளியைக் கடந்து நாவற்குழிப் பாலத்தை அடையும்பொழுது மழை. அடி வைக்க இடமில்லாத சனத்திரள். வேறு சிலர் தத்தம் மோட்டார் சைக்கிள்களை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டிச் செல்வதைக் கண்டோம். எமது தந்தையார் மட்டும் ஏன் தள்ளவேண்டும்? மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்கிறார், வண்டி தேயக்கூடாது என்று பார்க்கிறார் என எண்ணினோம். கை சோர்ந்தது. “உங்களுக்கு எங்களிலும் உந்த மோட்டச்சைக்கிள்தான் பெரிசு” என்று, மழையிலும் அனைவர்க்கும் கேட்கும்படி கூறினோம்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. “தள்ளு தம்பி” என்றார்.

கொடிகாமத்தில் ஒரு வீட்டு விறாந்தையில் தங்கினோம். நவம்பர் மாதத்து நள்ளிரவொன்றில் தங்கைக்குக் காய்ச்சல் கடுமையாகி வலிப்புக் கண்டது. தந்தையார் ஒரு சொல்லும் பேசாது எஞ்சினை உதைத்து இயக்கினார். தங்கையை மடியில் வைத்துத் தாயார் பின்னே ஏற, மூவரையும் சுமந்து அது சாவகச்சேரி வைத்தியசாலையை நோக்கி விரைந்தது. அவ்வளவு வேகமாக அவர் ஓட்டியதை அதற்கு முன்னும் பின்னும் நாம் கண்டதில்லை. தங்கை பிழைத்தாள், இன்று இரு பிள்ளைகளுக்குத் தாய். அன்றிரவு விறாந்தையில் தனித்திருந்த எமது மனத்தில் எழுந்த எண்ணமோ, ‘இன்று ஓட்ட முடிந்தவருக்கு அன்று ஏன் முடியவில்லை?’ என்பதே. அவ்வினாவை இருபத்தெட்டு ஆண்டுகள் சுமந்தோம். அவரிடம் கேட்கவில்லை, கூறிய சொல்லுக்கு மன்னிப்பும் கேட்கவில்லை.

பத்தியிலே அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தாயார் கூறினார்: “பாலத்தடியிலை நானும் கேட்டனான், ஏன் ஓட்டேல்லை எண்டு. ‘உது ஒருக்காத்தான் தாங்கும். அந்த ஒருக்கா எப்ப வருமோ தெரியாது’ எண்டார்.”

சனநெரிசலில் ஊர்ந்து செல்வதென்பது நூறுமுறை நிறுத்தி நூறுமுறை கிளச்சை விட்டு எடுப்பது. மெல்லிரும்புக்கு அதனினும் கொடிய சோதனை வேறில்லை. அதனை அறிந்தே அவர் தள்ளினார். அந்தப் பிறையாப்பு வெட்டுண்டது கொடிகாமத்திலிருந்து விரைந்த இரவிலேதானோ, மீண்டு வந்த வழியிலேதானோ, அது அந்த இரும்புக்கே தெரியும். மீண்டு வந்தபின் அவர் அதனை ஓட்டவில்லை என்பது மாத்திரம் எமக்குத் தெரியும். பின்னாளிற் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் வந்தன. அப்பொழுதும் அவர் அதனைத் திறக்கவில்லை. ஏன் என்று கேட்கும் காலம் கடந்துவிட்டது.

அன்பரோ அரைமணி நேரம் ஒன்றும் பேசாமல் உருளைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அதன்பின் வேலை தடையின்றி நடந்தது. வால்வு அரைக்கும் பசையைக் கூம்பிலே மெல்லப் பூசி, குடத்தை அதன்மேல் வைத்துத் திருப்பித் திருப்பி அரைத்தோம். கீறல்கள் மறைந்து, முழுப்பரப்பும் ஒரே சாம்பல் நிறமாகிச் சீராகப் பொருந்தும்வரை அரைத்தல் வேண்டும். இங்கிலாந்திலிருந்து வந்த புதிய பிறையாப்பைப் பள்ளத்தில் இருத்தினோம். எஞ்சினின் ஏனைய பாகங்களைப் புதுக்கிய வரலாறு இங்கே வேண்டியதன்று. 2025 தைப்பொங்கலுக்கு மறுநாள், ஐந்தாவது உதையில், அது பேசியது.

தாயார் ஏற மறுத்தார். நாம் தனியே செம்மணி வழியாக ஓட்டிச் சென்றோம். நாவற்குழிப் பாலத்தை அடைந்ததும் எஞ்சினை நிறுத்தி இறங்கி, பாலம் முடியும்வரை தள்ளிக்கொண்டு நடந்தோம். பழுதுபட்ட வண்டியென்று எண்ணி இளைஞரிருவர் உதவிக்கு வந்தனர். வேண்டாம் என்று நன்றி கூறி அனுப்பினோம்.

ஆசிரியத் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்டோம். அசைக்க முடியாத பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் ஓரிருவர் இருப்பர். சுத்தியல் எடுத்த நாள்களும் எமக்கு உண்டு. வெட்டி விலக்கிவிடலாம் என்று அதிபரிடம் கூறிய நாள்களும் உண்டு. இப்பொழுது அத்தகைய பிள்ளையைக் காணும்பொழுது, உள்ளே பிடித்திருப்பது யாது என்று அறியும்வரை ஓரிரவேனும் பொறுப்போம் என்று எமக்குள் கூறிக்கொள்கின்றோம். எப்பொழுதும் கைகூடுகின்றதென்று சொல்லமாட்டோம்.

பாதி வெட்டுண்ட அந்தப் பிறையாப்பு எமது மேசை இழுப்பறையில், சோக்குப் பெட்டியொன்றுள் இருக்கின்றது. எமக்கு முன் இக்கல்லூரியிற் கற்ற ஒருவரின் கைவேலை அது. கட்டுரையின் தொடக்கத்தில் இது கல்லூரியைப் பற்றியதன்று என்றோம். அக்கூற்றை இப்பொழுது மீளப் பெற்றுக்கொள்கின்றோம்.

கல்லூரி அன்னை நீடு வாழ்க.